மட்டக்குளிக் காணியை விற்கச் சொன்ன மகனுக்கு

தம்பி,

போன ஞாயிற்றுக்கிழமை நீ தொலைபேசியில் கேட்டதற்கு நான் பதில் சொல்லவில்லை. "அம்மா, மட்டக்குளிக் காணிக்கு ஆள் வந்திருக்குதாம். என்ரை பேரில நீங்கள் கையெழுத்து வைக்க அற்றோணித் தத்துவம் எழுதி அனுப்புறன். வித்துப்போட்டு வாங்கோ. கலியாணத்துக்கு வாறதோட இஞ்சயே நில்லுங்கோ. அது வெறும் சேறுதானே அம்மா" என்று சொன்னாய். நான் உடனே, கூறைக்கு என்ன நிறம் எடுத்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். விடை தெரியாத பிள்ளை ஜன்னலுக்கு வெளியே காகம் பார்ப்பதுபோல அம்மா பேச்சை மாற்றுகிறா என்று உனக்கு விளங்கியிருக்கும். விடை எனக்குத் தெரியும். ஆனால் அது தொலைபேசியில் சொல்லக்கூடிய விடையில்லை. மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு கதைக்கும் ஒருவனுக்கு ஒரு சேற்று நிலத்தைப் பற்றி என்ன சொல்வது? அதனால் எழுதுகிறேன். ஒளித்து எழுதவும் இல்லை. இந்த வெள்ளவத்தை மாடிவீட்டில் கீழ்த்தளத்திலிருந்து மேல்தளம்வரை எத்தனையோ தாய்மாருக்கு இதே தொலைபேசிதான் வருகிறது. எல்லாவற்றையும் வித்துப்போட்டு வாங்கோ என்று. அவர்களில் யாரும் இதைக் கேட்டு வாங்கி வாசித்தாலும் எனக்குச் சம்மதமே. நீ கட்டப்போகிற நிலானிக்குத் தமிழ் வாசிக்க வராது என்றாய். நீ வாசித்துக் காட்டு.

அந்தக் காணி எப்படி எங்களிடம் வந்தது என்பது உனக்கு அரைகுறையாகத்தான் தெரியும். எண்பத்து மூன்று கலவரத்துக்குப் பிறகு உன் அப்பாவுக்கு வாடகை வீட்டில் நித்திரை வரவில்லை. சொந்தமாக ஒரு சுவர் வேண்டும் என்பார். துறைமுகத்தில் அவரோடு வேலை செய்த ஒருவர், களனி ஆறு கடலில் விழும் பக்கமாக மட்டக்குளியில் தனக்கு ஒரு துண்டு இருப்பதாகச் சொன்னார். போய்ப் பார்த்தோம். முன்னால் ஆறு, பின்னால் ஒரு ஒழுங்கை, ஒழுங்கைக்கு அப்பால் தகரக் கூரை வீடுகள் நெருக்கியடித்த, தோட்டம் என்று சொல்லும் ஒரு ஏழைக் குடியிருப்பு. நடுவில் எங்கள் காணி, முழுக்கச் சதுப்பு. நீ அன்று புதுச் சப்பாத்துப் போட்டிருந்தாய். இறங்காதே என்று நான் சொல்லி வாய் மூடுவதற்குள் இறங்கினாய். ஒரு கால் சப்பாத்தோடு போனது, வெறுங்காலாய் வந்தது. அப்பா சிரித்து, "பெடியன் அத்திவாரம் போட்டிட்டான், இனி வாங்கத்தான் வேணும்" என்றார். உன் பெயரிலேயே உறுதி எழுதினார்.

பிறகு அவர் லொறி லொறியாகக் கிரவல் மண் கொண்டுவந்து கொட்டினார். சேறு அதைச் சத்தமில்லாமல் விழுங்கியது. கொட்டியதை ஆறு கொண்டுபோகிறது என்று நினைத்து, ஆற்றுப் பக்கமாக உடைகல்லும் சீமெந்துக் கட்டிகளும் போட்டு ஒரு அணை கட்டினார். அணை நன்றாகத்தான் நின்றது. அதோடு கடல் ஏறும்போது ஆற்றுவழியே காணிக்குள் வந்துபோகும் உப்புத்தண்ணீரும் நின்றுவிட்டது. நான் விஞ்ஞானம் படிப்பித்தவள். தண்ணீர் வந்துபோகாத சதுப்பு என்ன ஆகும் என்று கரும்பலகையில் படம் கீறிக் காட்டியவள். சொந்தக் காணியில் அதைப் பார்க்க எனக்கு நேரம் கிடைக்கவில்லை. வீடு ஒன்றும் எழும்பவில்லை. யுத்தம் பெருத்தது. நீ வளர்ந்தாய். வளர்ந்ததுதான் இந்த நகரத்தில் உன் குற்றம். ஒரு சுற்றிவளைப்பில் உன்னைக் கூட்டிக்கொண்டு போய் இரண்டு நாளில் விட்டார்கள். விட்ட அன்றே அப்பா உன் வெளிநாட்டுப் பயணத்துக்கு ஓடத் தொடங்கினார். நீ போன பிறகு அவர் அதிக காலம் இருக்கவில்லை. இதெல்லாம் உனக்குத் தெரிந்தது.

தெரியாதது, அதற்குப் பிறகு இந்த வீட்டில் நான் எப்படி இருந்தேன் என்பது. ஓய்வுபெற்ற ஆசிரியைக்குக் காலையில் எழும்ப ஒரு காரணம் வேண்டும், தம்பி. எனக்கு இருந்த காரணம், ஆமி கதவைத் தட்டினால் உடுத்த உடுப்போடு நிற்கவேண்டும் என்பது ஒன்றுதான். கதவுக்குப் பக்கத்தில் பொலிஸ் பதிவுத் துண்டைத் தொங்கவிட்டிருக்கிறேன். "இங்க எத்தினை பேர்? எப்ப வந்தது? ஏன் வந்தது?" அவர்கள் பாடமாக்கி வைத்திருக்கும் தமிழ் அவ்வளவுதான். ஒருவர், நிரந்தரமாக, ஓய்வூதியம் என்று நானும் பாடமாக்கிச் சொல்வேன். கடல் இரண்டு ஒழுங்கை தள்ளி இருக்கிறது. ரயில் பாதையைக் கடந்து அதைப் போய்ப் பார்க்கக்கூட அடையாள அட்டையைத் தடவிப் பார்த்துக்கொண்டுதான் போவேன். யுத்தத்தில் ஊருக்குப் பாதை இல்லை. உன்னிடம் வர அப்போது விசா இல்லை. நாட்டுக்குள் நகரம், நகரத்துக்குள் வெள்ளவத்தை, வெள்ளவத்தைக்குள் இந்த இரண்டு அறை. பெட்டிக்குள் பெட்டி வைத்து விற்பார்களே, அப்படி.

ஒரு நாள் எதற்கென்று தெரியாமல் மட்டக்குளி பஸ்ஸில் ஏறினேன். காணி எனக்கு அடையாளம் தெரியவில்லை. ஊர்க் குப்பையெல்லாம் அதற்குள் கிடந்தது. குப்பைக்கு மேல் மிதக்கும் சல்வீனியாக் களை, அதற்கு மேல் நுளம்பு. நான் மூக்கைப் பொத்திக்கொண்டு நிற்க, ஒழுங்கைக்கு அந்தப் பக்கமிருந்து ஒருத்தி இடுப்பில் கைவைத்துக்கொண்டு வந்தாள். அவள்தான் லெட்சுமி. அவளுடைய தாய்தகப்பன் மஸ்கெலியாப் பக்கத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்தவர்கள். அவள் இடியப்பம் அவித்து விற்பவள். நான் தொலைபேசியில் அடிக்கடி சொல்லும் லெட்சுமி.

"இது ஒங்க காணியாம்மா?"

"ஓம்."

"நல்லா வந்தீங்க போங்க. ஒங்க காணியில வளர்ற கொசுவுக்கு எங்க வூட்டு ரத்தந்தான் சாப்பாடு. போன வாரம் ஒங்க கபரகொய்யா ஒண்ணு, ஆளு நீளத்துக்கு உடும்பாட்டம், எங்க கக்கூஸ்ல வந்து குந்திக்கிட்டு எழும்பமாட்டேங்குது. நான் அதுகிட்ட காசா கேக்க முடியும்?"

"கபரகொய்யா என்ரை இல்லைப் பிள்ளை."

"ஒங்க காணியிலதான குடியிருக்கு? வாடகைய நீங்க வாங்கிக்கிறீங்க, கடிய நாங்க வாங்கிக்கிறோம்."

நான் எத்தனையோ வருடத்துக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான். அவள் சிரிக்கவில்லை. "மண்ணக் கொட்டி மூடிருங்கம்மா, புண்ணியமாப் போவும்" என்றாள். மூடினால் மழைத் தண்ணீர் எங்கே போகும் என்று கேட்டேன். "இப்ப மட்டும் எங்க போவுது? எங்க வூட்டுக்குள்ளதான் வருது" என்றாள். அந்தப் பதிலோடு பஸ் ஏறி வீட்டுக்கு வந்தேன். வழி முழுக்க எனக்குள் பாடம் நடந்தது. அணைக்குள் தண்ணீர் செத்துப்போய்க் கிடக்கிறது. சேற்றின் பள்ளத்தைக் குப்பை நிரப்பிவிட்டது. வரும் மழைக்கு இடமில்லை, போகவும் வழியில்லை. மருந்து அணையில்தான் இருக்கிறது. உன் அப்பா கட்டிய அணையில்.

குப்பை அள்ளவே ஒரு பருவம் போனது. கூலிக்கு ஆள் பிடித்தேன். என் ஓய்வூதியத்தில் நான் வேறு என்ன செய்யப்போகிறேன்? கடைசியாக அணையில் ஒரு வாய் திறக்கச் சொன்னேன். முதல் சம்மட்டி விழுந்தபோது உன் அப்பா வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு அந்தக் கல்லை அடுக்கியது கண்ணுக்குள் வந்தது. எங்களைக் காப்பாற்றத்தான் அவர் அதைக் கட்டினார். அன்பில் கட்டிய அணையும் தண்ணீரை மறிக்கும், தம்பி. இதை நினைவில் வைத்துக்கொள், பிறகு இதற்குத் திரும்பி வருவேன். கல் விலகியதும் ஆற்றுத் தண்ணீர் கொஞ்சம் தயங்கி, பிறகு பூனை நுழைவதுபோல உள்ளே வந்தது. பின்னேரம் போல அதே வழியால் திரும்பிப் போனது. லெட்சுமி பார்த்துக்கொண்டு நின்றாள். "இதுக்கா இவ்வளவு கூலி? தண்ணி வந்துட்டுப் போவுது" என்றாள். அதுதான் வேண்டும் என்று சொன்னேன். உப்புத்தண்ணீர் ஏறியதும் சல்வீனியா கருகியது. குஞ்சு மீன்கள் வந்தன. நுளம்பு முழுதாகப் போகவில்லை என்றாலும், லெட்சுமி வீட்டு வாசலில் சாயங்காலம் உட்காரக்கூடிய அளவுக்குக் குறைந்தது.

அங்கேதான் நான் ஆசிரியையாக நடந்துகொண்டேன். அணைக்கு வெளியே ஆற்றோரமாகப் உப்புச் சேற்றில் வளரும் பழைய கண்ணா மரங்கள் ஒரு வரிசை நின்றன. கிரவலுக்கும் குப்பைக்கும் தப்பியவை. அவற்றைப்போல உள்ளேயும் வளர்க்கவேண்டும் என்று, முகத்துவாரத்துப் பக்கமிருந்து முருங்கைக்காய்போலத் தொங்கும் கண்டல் கன்றுகளை எடுப்பித்து நட்டேன். எப்படி நட்டேன் தெரியுமா? நூல் பிடித்து, அடிமட்டம் வைத்து, காலைக் கூட்டத்தில் பிள்ளைகளை நிற்பாட்டியதுபோல. ஒவ்வொரு கன்றுக்கும் ஒரு தடி, ஒவ்வொரு தடியிலும் ஒரு சிவப்பு ரிப்பன். ரிப்பன் கடையில் வாங்கியதில்லை. விளையாட்டுப் போட்டிக்கு வாங்கி மிஞ்சிய சுருள்கள் எங்கள் அலுமாரிக்குள் கிடந்தன. பச்சையும் இருந்தது, நீலமும் இருந்தது. நான் காலம் முழுக்கச் சிவப்பு இல்லத்துப் பொறுப்பாசிரியை. கை தானாகச் சிவப்பை எடுத்தது.

துறைமுகத்துக்கு அண்மையில், ஆற்றுவாயைப் பார்த்தபடி, நேர்கோட்டில் தடிகள், அவற்றில் சிவப்புத் துணி, நட்டவள் யாழ்ப்பாணத்துக்காரி. இதை வாசிக்கும்போது உனக்கு வியர்க்கும். நடும்போது எனக்குக் காற்று நன்றாக இருந்தது. யாரோ ஆமிக்குச் சொல்லியிருக்கிறார்கள். அடுத்த முறை போனபோது ஜீப் நின்றது. சிப்பாய்மார் சேற்றுக்குள் தடியால் குத்திப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கண்ணா மரத்தின் மூச்சுவேர்கள் சேற்றிலிருந்து பென்சில்களைப்போல நிமிர்ந்து நிற்கும். ஒருவன் அதைத் தொடப் பயந்து, "மேவா மொனவத?" என்று கேட்டான். இவை என்ன என்று. வேர் மூச்சு விடுகிறது என்று நான் சிங்களத்தில் சொன்னேன். அதோடு அவர்களுக்குச் சந்தேகம் கூடியது.

பொலிஸ் நிலையத்தில் ஒரு வாங்கில் பகல் முழுக்க இருத்தினார்கள். யாரும் என்னில் கை வைக்கவில்லை, பயப்படாதே. மேசையில் என் ரிப்பன்கள் குவிந்து கிடந்தன. "ஏய் ரத்து பாட்ட?" ஏன் சிவப்பு என்று கேட்டார்கள். சொன்னேன். ஏன் வரிசையாக? சொன்னேன். வரிசை எதைக் காட்டுகிறது? ஒன்றையும் காட்டவில்லை, வரிசை வரிசைக்காகத்தான் என்றேன். அதை ஒருவரும் நம்பவில்லை. இப்போது யோசித்தால் நானே நம்பமாட்டேன். காணி யாருடையது என்று கேட்டபோது மட்டும் பொய் சொன்னேன். என்னுடையது என்றேன். உன் பெயர் அந்த இடத்தில் யாருடைய வாயிலும் வரக்கூடாது என்று நினைத்தேன். பின்னேரம் லெட்சுமி இடியப்பக் கூடையோடு வந்து வாசலில் நின்று சிங்களத்தில் சத்தம் போட்டாள். "பிஸ்ஸு டீச்சர் கெனெக், சார்! மரம் நடுற பைத்தியம்! தண்ணிய வரவிட்டுப் போகவிட்டு வேடிக்கை பாக்குற மனுசி. இதப் புடிச்சு வச்சா ஒங்களுக்குத்தான் சோத்துச் செலவு." அவர்கள் சிரித்துவிட்டார்கள். என்னை விட்டார்கள். வெளியே வந்ததும், "என்னை ஏன் விசரி எண்டு சொன்னனீ?" என்று கேட்டேன். "ஒங்க நல்ல குணத்துக்கு எந்தப் பொலிஸும் விடமாட்டான் டீச்சரம்மா" என்றாள்.

நூல் பிடித்து நட்ட கன்றுகளில் அநேகமானவை பட்டுப்போயின. தண்ணீர் எங்கே தங்கும், எங்கே ஓடும் என்று பார்க்காமல், என் கண்ணுக்கு அழகான இடத்தில் நட்டிருந்தேன். நான் துக்கத்தோடு தடிகளைப் பிடுங்கிக்கொண்டிருக்கும்போதுதான் மற்றதைக் கண்டேன். திறந்த வாயால் வந்த தண்ணீர் தானாகவே விதை கொண்டுவந்து, தனக்குப் பிடித்த மூலைகளில் போட்டிருந்தது. கண்ணா, கண்டல், தில்லை. ஒரு ஒழுங்கும் இல்லை. எல்லாம் பச்சை பிடித்திருந்தன. நான் செய்யவேண்டியிருந்தது வழியைத் திறந்துவிடுவது மட்டுந்தான். மிச்சம் நட்டது ஆறு. நீ குடும்பம் தொடங்கப் போகிறாய், அதனால் உதாரணம் சொல்லாமல் விடமாட்டேன். நிலானியை உன் நூலுக்குள் நிற்பாட்டாதே. அவள் வேறு நாட்டில் வளர்ந்த பிள்ளை. அவளுக்கு உப்பு எவ்வளவு, வெயில் எவ்வளவு என்று அவளுக்குத்தான் தெரியும். அவளும் உன்னை அப்படி விடட்டும்.

இரண்டு மூன்று வருடத்தில் அங்கே ஒரு சின்னக் காடு எழும்பியது. மீன்கொத்தி வந்தது. நீர்க்காகம் சிறகை விரித்துச் சட்டை காயப்போட்டதுபோல நின்றது. காடு எழும்பிய பிறகு வந்த முதல் பெருமழை அன்று, வெள்ளவத்தையில் வீதியெல்லாம் ஆறாக ஓட, நான் ஜன்னலோடு நின்று லெட்சுமியை நினைத்துக்கொண்டிருந்தேன். வழமையாக அந்தத் தோட்டத்தில் குறைந்தது முழங்காலுக்குத் தண்ணீர் நிற்கும். பாயும் சட்டிபானையும் கட்டிலுக்கு மேல் ஏறும். மழை விட்டதும் ஓடினேன். ஒழுங்கை நனைந்திருந்தது, அவ்வளவுதான். தண்ணீர் முழுவதும் எங்கள் சேற்றில் அகலமாகப் பரந்து நின்று, அணை வாயால் ஆற்றுக்குள் மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது. லெட்சுமி வாசலில் நின்றாள். எப்போதும் ஏதாவது சொல்லிக் குத்துகிறவள், அன்று குரல் இறங்கி, "டீச்சரம்மா, எங்க வூட்டு அடுப்பு நனையல" என்று மட்டும் சொன்னாள். என் உத்தியோக காலத்தில் எனக்கு மாலை போட்டிருக்கிறார்கள், பொன்னாடை போர்த்தியிருக்கிறார்கள். தம்பி, அந்த ஒரு வசனத்துக்குப் பக்கத்தில் அவை வரா.

இனி நான் தொலைபேசியில் உனக்குச் சொல்லாத பகுதி. இந்த வருடம் நகரத்தில் குண்டு வெடித்த பிறகு ஆற்றோரப் பற்றைகளை எல்லாம் வெட்டச் சொல்லிக் கட்டளை வந்தது. ஒழுங்கை வளைவில் இருக்கும் காவலரணிலிருந்து ஆறு தெரியவேண்டுமாம். தெரியாத இடத்தில் யாரும் ஒளியலாமாம். பொறுப்பான ஆமிப் பெரியவர், நடுத்தர வயது, மரியாதையான மனிதர், சேற்றில் சப்பாத்துப் படாமல் ஒரு கல்லில் நின்றுகொண்டு சொன்னார். "ஒக்கோம கப்பன்ன ஓனெ, டீச்சர். முல் எக்கம." எல்லாவற்றையும் வெட்டவேண்டும், வேரோடு. நான் விளக்கத் தொடங்கினேன். தண்ணீர், வேர், வெள்ளம். நீ கேலி செய்வாயே, அம்மா வாய் திறந்தால் மணி அடித்தால்தான் நிற்பா என்று, அப்படி. அவர் பொறுமையாகக் கேட்டார். ஒன்றும் ஏறவில்லை.

லெட்சுமி என்னை விலத்திக்கொண்டு முன்னுக்கு வந்தாள். அவள் சிங்களத்தில் சொன்னதைத் தமிழில் எழுதுகிறேன். "மாத்தயா, போன மழைக்கு ஒங்க சென்ட்ரிக்குள்ள தண்ணி வந்துச்சா? இல்ல. அதுக்கு முந்தின வருசங்கள்ல? மணல் மூட்டையெல்லாம் ஆத்தோட போயி, ஒங்க ஆளுங்க எங்க கூரையில ஏறிக் குந்தியிருந்தாங்களா இல்லையா? நான்தான் இடியப்பம் குடுத்தேன். இந்தம்மாவோட காட்ட வெட்டுங்க. அடுத்த மழைக்கு ஏறுறதுக்கு வேற கூரை பாத்துக்குங்க." சிப்பாய்மாரில் ஒருவன் சிரிப்பை அடக்கிக்கொண்டு திரும்பினான். அவனும் அன்று அந்தக் கூரையில் இருந்தவன் போலும்.

பெரியவர் கல்லில் நின்றபடி ஆற்றோரத்தைக் கையால் காட்டினார். பிறகு சொன்னார். உள்ளே இருப்பது இருக்கலாம். ஆற்றோர வரிசை போகவேண்டும், காவலரணிலிருந்து தண்ணீர் தெரியவேண்டும். இதற்கு மேல் தன்னால் ஒன்றும் செய்ய முடியாது. ஆற்றோர வரிசை என்றால் பழைய கண்ணா மரங்கள், தம்பி. அணைக்கு முந்தியவை. உள்ளே நிற்கும் காட்டுக்கு விதை கொடுத்தவை. வேர் பிடுங்கினால் கரை சரியும், கரை சரிந்தால் உங்கள் காவலரணும் போகும் என்று கெஞ்சினேன். வேரை விட்டால் மறுபடி தளிர்க்குமே என்றார். அவருக்கு அது தெரிந்திருந்தது. ஓம், கண்ணா வெட்ட வெட்டத் தளிர்க்கும். அப்போதுதான் நான் ஒரு வாக்குக் கொடுத்தேன். தளிர்க்கிறதை மாதா மாதம் நானே வந்து வெட்டுகிறேன் என்றேன். "டீச்சர் ஆவெ நெத்தங்?" வராவிட்டால்? அதற்கு அவரே பதிலும் சொன்னார். "டோசர் எக்க எனவா." புல்டோசர் வரும் என்று. வேறு யாரும் வந்து வெட்டினால் போதாது. பொறுப்பெடுத்தவர் வந்து முகத்தைக் காட்டவேண்டும்.

எந்த மரங்கள் என்று அடையாளம் போடச் சொன்னார்கள். என் கைப்பையில் அந்த ரிப்பன் சுருள் இருந்தது. பொலிஸ் திருப்பித் தந்ததை நான் வெளியே எடுத்துவைக்கவேயில்லை. ஒவ்வொரு மரமாகப் போய், சாகப்போகிற மரத்தின் இடுப்பில் சிவப்பு ரிப்பன் கட்டினேன். சிப்பாய்மார் பார்த்துக்கொண்டு நின்றார்கள். இம்முறை ஏன் சிவப்பு என்று ஒருவரும் கேட்கவில்லை.

இரண்டு மாதமாக வெட்டுகிறேன். லெட்சுமி கத்தி தீட்டித் தருவாள். நான் முழங்காலளவு சேற்றில் நின்று, வெட்டிய அடிக்கட்டைகளில் புதிதாக வந்த தளிர்களைக் கொய்துவிடுவேன். காவலரணிலிருந்து ஒருவன் கையைக் காட்டுவான், வந்தது தெரியும் என்று. நான் வளர்க்க விரும்பியதை நானே வெட்டி, அந்த விலையில் மிச்சக் காட்டை வைத்திருக்கிறேன். சில நாட்களில் கத்தியைப் போட்டுவிட்டு அழலாம் போலிருக்கும். நாலு பக்கமும் பூட்டிய வீட்டில் இருந்து பஸ் ஏறி, தானே போய் இன்னொரு பூட்டுக்குள் கைகொடுத்துவிட்டாளே என்று நீ நினைப்பாய். நினைக்கிறது சரிதான்.

அதனால்தான் நீ அற்றோணித் தத்துவம் அனுப்புகிறேன் என்றபோது நான் கூறையைப் பற்றிக் கேட்டேன். வாங்க வந்தவரை எனக்குத் தெரியும். கொள்கலன் வைக்கும் முற்றம் ஒன்றுக்காகக் கேட்கிறார். ஒரு கிழமையில் நிரப்பிச் சீமெந்து போட்டுவிடுவார். அவருக்கு வாக்கும் தேவையில்லை, மாதா மாதம் முகம் காட்டவும் தேவையில்லை. காணி உன்னுடையது. நீ கையெழுத்து வைத்தால் நான் தடுக்கமுடியாது, தடுக்கவும் மாட்டேன். ஆனால் நீ என்னைக் காப்பாற்றத்தான் இதைச் செய்கிறாய் என்பது எனக்குத் தெரிவதால், அணையைப் பற்றி முதலில் சொன்னதைத் திரும்பச் சொல்கிறேன். உன் அப்பாவின் கை உனக்கு இருக்கிறது. நல்ல கை, கல் அடுக்குகிற கை. அடுக்குவதற்கு முதல், மறுபக்கத்தில் என்ன தண்ணீர் நிற்கிறது என்று ஒருக்கால் பார்.

கலியாணத்துக்கு வருவேன். விசா கிடைத்துவிட்டது. ஒரு வெட்டு முடித்த மறுநாள் புறப்பட்டு, அடுத்த வெட்டுக்கு முதல் திரும்பிவிடுவேன். திரும்பும் பயணச்சீட்டோடுதான் வருகிறேன், அதில் என்னோடு சண்டை பிடிக்காதே. ஞாயிற்றுக்கிழமை நீ தொலைபேசியை நிலானியிடம் கொடுத்தபோது அவள் தத்தித் தத்திக் கேட்டாள்: "மாமி, அங்க என்ன மரம் நிக்குது?" எனக்கு அந்தக் கேள்வி போதும். அவளுக்கு நேரில் சொல்கிறேன். விற்பதா வைப்பதா என்று நீயும் எனக்கு அங்கே, முகத்தைப் பார்த்துச் சொல்.

சொல்லுவதற்கு முதல் ஒன்றை மட்டும் யோசி. பெரியவர் வேரோடு கேட்டார், நான் வேரைக் கொடுக்கவில்லை. ஆற்றோரத்தில் இப்போது பார்த்தால் வெறும் அடிக்கட்டைகள்தான், ஒருவரும் திரும்பிப் பார்க்காத கட்டைகள். அவற்றுக்குக் கீழே எல்லாம் உயிரோடு இருக்கின்றன. மாதா மாதம் கத்தி வைக்கும்போது என் விரலுக்குத் தெரிகிறது. யுத்தம் ஒரு நாள் முடியும். அன்றைக்கு நான் இருந்தால் நான், இல்லாவிட்டால் நீங்கள் இரண்டு பேரும், அந்தக் காணியில் ஒன்றும் நடவேண்டியதில்லை. அடுத்த மாதம் வெட்டாமல் விட்டால் போதும்.

அம்மா